மரத்தரை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரத்தரைகளை இழைத்துப் பூச்சடிப்பது என் தொழில். வேலை முடிந்து சாமான்களைக் கட்டும் நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள் வாசல்வரை வந்து, "ஒரே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரே சந்தேகம் வீட்டுக்கு வீடு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது. சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். முதல் இரண்டு பதில்களை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்; பின்னால் வருபவை பலவும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

எங்கள் வீட்டில் இருப்பது நிஜ மரம்தானா? விற்றவர் மரம் என்றுதான் சொன்னார்.

மரத்தரை என்ற பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கிறது. முதலாவது முழு மரப்பலகை. மேலிருந்து கீழ்வரை ஒரே மரம், பெரும்பாலும் 18 முதல் 20 மில்லிமீட்டர் கனம். இரண்டாவது, ப்ளைவுட்டின் மேல் அசல் மரத்தை ஏடாக ஒட்டியது. எஞ்சினியர்டு மரம் என்பார்கள். அந்த ஏடு அரை மில்லிமீட்டராகவும் இருக்கலாம், ஆறு மில்லிமீட்டராகவும் இருக்கலாம். மூன்றாவது லேமினேட். மரநாரை அழுத்திச் செய்த அட்டையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டி, அதன்மேல் கெட்டியான பிசின் போர்த்தியிருப்பார்கள்.

வெட்டு தெரிகிற விளிம்பு எங்காவது அகப்படுகிறதா என்று பாருங்கள்: நிலைப்படியின் ஓரம், படிக்கட்டின் முனை, சுவர் அலமாரியின் உள்புறம். மேலே ஓடும் வரி பக்கவாட்டிலும் இறங்கித் தொடர்ந்தால் முழு மரம். அடுக்குகள் தெரிந்தால் எஞ்சினியர்டு. விளிம்பே கிடைக்கவில்லை என்றால் மண்டியிட்டு முடிச்சுகளைப் பாருங்கள். ஒரு முடிச்சு அதே சுழியோடு, அதே கீற்றோடு நான்கு பலகை தள்ளி மறுபடியும் வந்தால் அது அச்சடித்த படம். எந்த மரமும் ஒரே முடிச்சை இரண்டு முறை போடாது. லேமினேட் வைத்திருப்பவர்களுக்கு இங்கே சுத்தம் செய்வது பற்றிய பதில்கள் மட்டுமே பொருந்தும்.

மேலே என்ன பூச்சு அடித்திருக்கிறது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். உங்கள் காலும் துடைப்பமும் தினமும் படுவது பூச்சின் மேல். அது இருக்கும்வரை மரத்துக்கு ஒன்றும் ஆகாது; அது போனபின் எதைச் செய்தும் பயனில்லை. பூச்சுகள் இரண்டு வகை. பாலியூரித்தேன், வார்னிஷ், ஷெல்லாக் போன்றவை மரத்தின் மேல் படலமாக நிற்பவை. ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், மெழுகு கலந்த எண்ணெய் ஆகியவை மரத்துக்குள் ஊறிப்போகிறவை. மிகப் பழைய வீடுகளில் வெறும் மெழுகு மட்டும் இருப்பதும் உண்டு.

கண் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். முத்துப்போல் அப்படியே நின்றால் படலம் நல்ல நிலையில் இருக்கிறது. மெல்ல உள்ளே இறங்கி மரம் கருத்தால் அது எண்ணெய்ப் பூச்சு, அல்லது தேய்ந்து ஓய்ந்த படலம். துளிக்கு அடியில் வெள்ளை பூத்தால் மெழுகு. அப்போதும் ஐயம் தீரவில்லை என்றால் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். நகக்கண்ணில் வழவழப்பாக ஏதாவது ஒட்டினால் மெழுகுதான்.

தினமும் தண்ணீர் விட்டுத் துடைத்தால்தானே வீடு சுத்தமாக இருக்கும்?

கல்தரைக்கு அது சரி. மரத்தரையில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை அளவாவது சந்து இருக்கும். பூச்சு அந்தச் சந்துக்குள் முழுதாக இறங்குவதில்லை, தண்ணீர் இறங்கும். மேலே துடைத்தது காய்ந்துவிடும்; கீழே போனது பலகையின் பக்கங்களையும் அடியையும் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் கிடக்கும். மரத்தரையைக் கெடுத்தவர்களில் சோம்பேறிகளைவிடச் சுத்தக்காரர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு ஈரம் சரி? மைக்ரோஃபைபர் துணியை நனைத்து மணிக்கட்டு வலிக்கும்வரை பிழியுங்கள். இன்னொரு முறை முறுக்கினாலும் ஒரு சொட்டு விழக் கூடாது. அதை வரியின் போக்கில் ஒரு இழுப்பு இழுத்தால், மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி தரையில் ஒரு மங்கல் தெரியும். நீங்கள் நிமிர்ந்து அடுத்த வரிசைக்கு நகர்வதற்குள் அது மறைந்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் தெரிந்தால் துணியில் தண்ணீர் அதிகம். இந்த ஈரத் துடைப்பும் வாரம் ஒரு முறை போதும். ஆள் புழங்காத அறைக்கு மாதம் ஒரு முறையே அதிகம்.

அப்படியானால் தினமும் என்னதான் செய்வது?

பெருக்குங்கள். பூச்சைத் தின்பது மண். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. அது ஜன்னல் கண்ணாடியையே கீறும். அப்படி ஒரு மணல்துகள் செருப்புக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு அடியும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். வாசலுக்கு வெளியே சொரசொரப்பான ஒரு மிதியடி, உள்ளே துணியில் ஒன்று என்று இரண்டு போட்டுவிட்டால் பாதி வேலை குறையும்.

மென்மையான துடைப்பமோ உலர்ந்த மைக்ரோஃபைபரோ போதும். வேக்குவம் கிளீனர் வைத்திருந்தால் அதன் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். அதன் சக்கரங்களையும் அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். ஒரு சிறு கல் மாட்டியிருந்தால் அறை முழுக்கக் கோடு இழுத்துவிடும்.

தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைக்கலாமா? இயற்கையானதுதானே?

இயற்கையான அமிலம். அதன் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 2.5. ஒரு நாள் கலந்து துடைத்தால் எதுவும் தெரியாது, அதனால்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள். வாரா வாரம் துடைத்து இரண்டு மூன்று ஆண்டு போனபின், சோபாவை நகர்த்தும் நாளில் அதன் அடியில் மட்டும் தரை மினுங்குவது தெரியும். அமோனியா கலந்த திரவம், பிளீச், துணி சோப்பு ஆகியவையும் இதே கணக்கில் வருகின்றன.

படலப் பூச்சு என்றால் மரத்தரைக்கென்றே விற்கும், பி.எச். 7-ஐ ஒட்டிய திரவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தரையில் ஊற்றாமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். எண்ணெய்ப் பூச்சு என்றால் அதற்கெனத் தனியாகச் சோப்பு உண்டு. துடைக்கத் துடைக்கக் கொஞ்சம் எண்ணெயையும் மரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது.

நீராவியில் துடைக்கும் கருவி வாங்கியிருக்கிறேன். பெட்டியில் மரத்தரைக்கும் ஏற்றது என்று போட்டிருக்கிறதே?

பெட்டியில் என்ன வேண்டுமானாலும் போடுவார்கள். மேலே தண்ணீரைப் பற்றிச் சொன்னதெல்லாம் நீராவிக்கும் பொருந்தும். கூடவே சூடும் அழுத்தமும் சேர்கின்றன. குளியலறை ஓடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன துடைத்தாலும் தரை மங்கலாக, புகை படிந்தது போலவே இருக்கிறது. ஏன்?

இரண்டில் ஒன்று: மேலே ஏதோ படிந்திருக்கிறது, அல்லது பூச்சு தேய்ந்திருக்கிறது. வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு அறையை இரண்டு முறை சுற்றி வாருங்கள். அடிப்பாகம் சாம்பல் நிறமாகி, நடக்கும்போது லேசாகப் பிசுபிசுத்தால் அது படிவு. துப்புரவுத் திரவத்தை அளவுக்கு மேல் கலந்து, அழுக்கைத் துடைத்து எடுக்காமல் பரப்பிவிட்டதன் பலன். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் நனைத்து, நான் சொன்ன மாதிரி பிழிந்த துணியால் ஒரு சதுர அடியை மட்டும் நான்கைந்து முறை துடைத்துப் பாருங்கள். அந்தச் சதுரம் மட்டும் பளிச்சிட்டால் மீதி அறைக்கும் அதே வைத்தியம்.

காலுறை சுத்தமாக இருந்து, நடைபாதையில் மட்டும் மங்கல் இருந்தால் பூச்சு தேய்ந்திருக்கிறது. அதற்குத் துடைப்பது மருந்தில்லை. மறுபூச்சு பற்றிய பதில் கீழே இருக்கிறது.

மெழுகு போட்டால் பளபளப்பு திரும்பிவிடும் என்கிறார்களே?

திரும்பும், சில வாரங்களுக்கு. படலப் பூச்சின் மேல் போட்ட மெழுகு வழுக்கும். அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிட மோசம் பின்னால் வருகிறது: மெழுகு தொட்ட இடத்தில் புதிய பூச்சு ஒட்டாது. தூரிகையை இழுத்த கையோடு பூச்சு மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். லேசாகத் தேய்த்து ஒரு கை அடித்தால் தீர்ந்திருக்க வேண்டிய தரையை, மெழுகின் பொருட்டு முழுதாக இழைக்க வேண்டியதாகிவிடும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? வேலைக்கு வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பூச்சே மெழுகுதான் என்றால் பேச்சு வேறு. முதலில் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே பளபளப்பு வந்துவிடும். ஆண்டுக்கு ஓரிரு முறை மெல்லிய பூச்சாக மெழுகிட்டால் போதும்.

பூந்தொட்டி வைத்த இடத்தில் கறை. சிலது வெள்ளையாக, சிலது கறுப்பாக இருக்கிறது. இரண்டும் போகுமா?

வெள்ளை போகும். அது பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம்; மெழுகிலும் ஷெல்லாக்கிலும் அதிகம் வரும். தொட்டியை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள், பல நேரம் தானாக மறையும். மறையாவிட்டால் முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள்.

கறுப்பு வேறு சங்கதி. தண்ணீர் பூச்சைத் தாண்டி மரத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம். ஓக் போன்ற மரங்களில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. தொட்டியின் இரும்பு வளையம், ஓர் ஆணி, தண்ணீரிலேயே கரைந்திருந்த இரும்பு என்று ஏதோ ஒன்று அதனுடன் சேர்ந்தால் கிடைப்பது மை. உவமைக்குச் சொல்லவில்லை: ஓக் மரத்தில் விளையும் மாசிக்காயை இரும்பு உப்போடு சேர்த்து எழுதுமை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான் உங்கள் தரையில் நடந்திருக்கிறது.

அந்த மையை வெளுக்க வைப்பது ஆக்ஸாலிக் அமிலம். பூச்சை முதலில் எடுத்தாக வேண்டும். மேலே தடவினால் உள்ளே போகாது. வெந்நீரில் கரைத்து, கறை மீது மட்டும் தடவாமல் பலகை முழுக்கத் தடவுங்கள், இல்லாவிட்டால் கறை இருந்த இடத்தில் வெளுப்பு வட்டம் நிற்கும். பிறகு சுத்தமான ஈரத்துணியால் பலமுறை துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூச்சடிக்க வேண்டும். அது நஞ்சு. கையுறை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். காய்ந்த பொடி காற்றில் பறக்க விடாதீர்கள். நாய், பூனை சிறுநீரின் கறுப்பு இதற்குப் பாதிதான் மசியும். அதற்குப் பலகையை மாற்றுவதே பெரும்பாலும் வழி.

பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. மக்கு வைத்து அடைத்துவிடட்டுமா?

ஒரு வருடம் பொறுங்கள். வெட்டி, காயவைத்து, பூச்சடித்து எத்தனை ஆண்டு ஆனாலும் மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கும். அறையின் ஈரப்பதம் நீண்ட நாள் 65 விழுக்காட்டில் நின்றால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 12 விழுக்காட்டில் நிலைகொள்ளும். அறை 30 விழுக்காட்டுக்கு வறண்டால் அது 6 விழுக்காட்டுக்கு இறங்கும். வழக்கமான முறையில் அறுத்த சிவப்பு ஓக் பலகை, ஈரம் ஒரு விழுக்காடு மாறும்போது அகலத்தில் 0.37 விழுக்காடு சுருங்கும் அல்லது விரியும். 100 மில்லிமீட்டர் அகலப் பலகைக்குக் கணக்குப் போடுங்கள்: இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வரும். நீளவாக்கில் மாற்றம் சொல்லும்படி இருக்காது. அதனால்தான் இடைவெளி எப்போதும் பலகையின் பக்கங்களில் விழுகிறது.

வறண்ட காலத்தில் திறந்த வாயை அடைத்துவிட்டால், ஈரக் காலத்தில் பலகை விரிய இடமில்லாமல் மக்கைப் பிதுக்கித் தள்ளும். இல்லையென்றால் ஒன்றையொன்று நெருக்கி மேலே கிளம்பும். ஆண்டு முழுக்க மூடாமலே இருக்கும் இடைவெளியை மட்டும் அடையுங்கள். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். 35 முதல் 55 விழுக்காட்டுக்குள் அறையை வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. ஹீட்டரும் ஏசியும் காற்றை வறட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இடைவெளி இல்லை, ஆனால் ஒவ்வொரு பலகையின் ஓரமும் எழும்பி, நடுவில் குழிந்திருக்கிறது. இழைத்துச் சமப்படுத்தலாமா?

இப்போது கூடாது. இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் குழாய் கசிந்து கூடம் முழுக்க இப்படி ஆகியிருந்தது. கசிவை அடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது, மேலே தொட்டால் உலர்வாக இருந்தது. எந்திரத்தை ஓட்டி ஏரிப்பரப்பு மாதிரி சமமாக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். தரையின் குறுக்கே ஓர் அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையும் நடுவில் புடைத்து, கோல் பலகைக்குப் பலகை ஆடியது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். பலகையின் அடிப்புறம் மேற்புறத்தைவிட ஈரமாக இருக்கும்போது அடி விரிகிறது. ஓரங்கள் மேலே எழும்புகின்றன. நான் எழும்பிய ஓரங்களை இழைத்துத் தள்ளினேன். பிறகு அடியும் உலர்ந்து பலகை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பியபோது, ஓரத்தில் மரம் குறைவு, நடுவில் அதிகம்.

ஆகவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்: குழாய், சுவர்க் கசிவு, தரைக்கடியில் காற்றோட்டம் இல்லாமை. அதை நிறுத்திவிட்டு, மின்விசிறி, ஈரம் உறிஞ்சும் கருவி இவற்றோடு மெதுவாக உலரவிடுங்கள். சூடு காட்டி அவசரப்படுத்தினால் பலகை வெடிக்கும். மாதக்கணக்கில் ஆகலாம். பாதிக்கப்படாத அறையில் ஈரமானியைக் குத்திப் பார்த்து, இங்கேயும் அதே அளவு வந்தபிறகே எந்திரம். லேசான குழிவு பல நேரம் தானாகவே இறங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

வன்மரம் என்று சொல்லித்தானே விற்றார்கள்? நாற்காலி விழுந்தால் பள்ளம் விழுகிறதே!

வன்மரம் என்பது தாவரவியல் பெயர். அகன்ற இலை மரங்கள் எல்லாம் வன்மரம். ஊசியிலை மரங்கள் மென்மரம். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சா மரமும் இந்தக் கணக்கில் வன்மரம்தான்.

உண்மையான கடினத்தை அளக்க கேப்ரியல் ஜாங்கா 1906-இல் ஒரு சோதனையை வகுத்தார். 11.28 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குண்டை, பாதிவரை மரத்தில் இறக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்று பார்ப்பது. கறுப்பு வால்நட்டுக்கு 1010, சிவப்பு ஓக்குக்கு 1290, கெட்டி மேப்பிளுக்கு 1450. எண்கள் பெரிதாகத் தெரியலாம். அறுபது கிலோ உள்ள ஒருவர் ஒரு சதுர சென்டிமீட்டர் குதிகாலில் நின்றால் அந்த இடத்தில் அறுபது கிலோ. நான்கு டன் யானை நான்கு காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. ஆணித் தலை தெரியும் தேய்ந்த குதிகால் என்றால் எந்த மரமும் தாங்காது.

பள்ளத்தை எழுப்ப ஒரு வழி உண்டு: மேலே ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியால் சில விநாடி ஒற்றினால், நசுங்கிய நார்கள் நீரைக் குடித்து எழும். எண்ணெய்ப் பூச்சுக்கும், பூச்சை நீக்கிய மரத்துக்கும் மட்டும் இது பொருந்தும். படலப் பூச்சின் மேல் செய்தால் பள்ளம் போகாது, வெள்ளைக் கறை வரும்.

கீறல் விழுந்துவிட்டது. வால்நட் பருப்பைத் தேய்த்தால் போய்விடும் என்று படித்தேன்.

போகாது, மறையும். அதன் எண்ணெய் கீறலைக் கொஞ்சம் கருக்கச் செய்யும், அவ்வளவுதான். முதலில் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கவில்லை, கீறலும் வெண்மையாக இருக்கிறது என்றால் காயம் பூச்சில் மட்டும். அடுத்த மறுபூச்சில் காணாமல் போகும். நகம் சிக்கி, வெறும் மரம் தெரிந்தால் உடனே கவனியுங்கள், தண்ணீருக்கு அது திறந்த கதவு. பலகையின் நிறத்துக்கேற்ற மெழுகுக்குச்சியால் நிரப்புங்கள். மறுபூச்சு அடிக்கப்போகும் தரை என்றால் மெழுகு வேண்டாம், மேலே சொன்ன மீன்கண் வரும். நிறம் ஒத்துவராவிட்டால் ஒரு சாயல் கூடுதலாகக் கருத்ததையே எடுங்கள். வெளுத்த கோடு கண்ணைக் குத்தும்; கருத்த கோட்டை மரத்தின் வரி என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டச் சொல்லாதவர்கள் இல்லை. ஒட்டியதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருப்பிப் பாருங்கள் என்று சொல்பவர்கள் குறைவு. மண் புதைந்த ஃபெல்ட்டும் உப்புத்தாளும் ஒன்றே.

நாய் வளர்க்கிறோம். மரத்தரையே போடக் கூடாதா?

போடலாம். நகத்தை வெட்டிவிடுங்கள், பளபளப்பான பூச்சைத் தவிர்த்து மங்கலான பூச்சையும், வரி அழுத்தமாகத் தெரியும் மரத்தையும் தேர்ந்தெடுங்கள். கீறல் விழும், கண்ணில் படாது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் தட்டு வையுங்கள். சிறுநீரை அன்றே துடைத்துவிட்டால் கறுப்புக் கறை பற்றிய பதிலை நீங்கள் மறுபடி படிக்க வேண்டியிருக்காது.

கம்பளத்தை எடுத்தால் அடியில் தரை வேறு நிறமாக இருக்கிறது. கம்பளம் சாயம் விட்டுவிட்டதா?

பெரும்பாலும் நிறம் மாறியது வெளியே இருந்த தரை. வெளிச்சம் படப்பட செர்ரி மரம் கருக்கும், வால்நட் வெளுக்கும். எண்ணெய் கலந்த பாலியூரித்தேன் தானும் மஞ்சளாகும். நீர் கலந்தது ஏறக்குறைய நிறமில்லாமலே நிற்கும். கம்பளத்தை எடுத்துவிட்டுச் சில மாதம் விட்டால் வித்தியாசம் பெரும்பாலும் குறையும். புதுத் தரை என்றால் முதல் ஆண்டில் கம்பளத்தையும் சாமான்களையும் அவ்வப்போது இடம் மாற்றுங்கள்.

கம்பளத்தின் அடிப்புறம் ரப்பராகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்து, தரையில் மஞ்சள் திட்டாக, வலை வடிவமாகப் பதிந்திருந்தால் அது வேறு. அந்தப் பொருளிலிருந்து கசியும் ரசாயனம் பூச்சோடு கலந்துவிட்டது. துடைத்தால் போகாது, அந்தப் பூச்சை எடுத்தால்தான் போகும்.

ராத்திரியில் நடந்தால் தரை கிறீச்சிடுகிறது. ஆபத்தா?

ஆபத்தில்லை. பலகையோடு பலகையோ, தளர்ந்த ஆணியோடு பலகையோ உரசுகிறது. டால்கம் பவுடரைச் சந்தில் தூவி, மேலே துணி போட்டு ஏறி ஏறி மிதியுங்கள். வறண்ட காலத்தில் மட்டும் சத்தம் வந்தால் அதையும் செய்ய வேண்டாம். ஈரப்பதம் ஏறியதும் வாயை மூடிக்கொள்ளும்.

பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், பக்கத்தில் மாவு மாதிரி பொடி. கறையானா?

கறையான் என்றால் மண்பாதை இருக்கும். தட்டினால் பலகை வெற்றுச் சத்தம் தரும். மாவுப்பொடி என்றால் மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. அதன் புழு தின்பது பலகையின் வெளிறு. வைரம் பாய்ந்த பகுதியை விட்டுவிடும். பொடியைத் துடைத்து, ஓட்டைகளைப் பென்சிலால் சுற்றிக் குறித்து வையுங்கள். சில வாரங்களில் புதிய பொடியோ குறிக்காத ஓட்டையோ தெரிந்தால் புழு உயிரோடிருக்கிறது. பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லையென்றால் அது பழைய கதை. பூச்சு முழுமையாக இருக்கும் மரத்தில் இந்த வண்டு முட்டையிடாது, அதற்கு மரத்தின் திறந்த துளைகள் வேண்டும்.

முழுக்க இழைத்துப் புதுப் பூச்சு எப்போது அடிக்க வேண்டும்? எத்தனை முறை இழைக்கலாம்?

இழைக்கும் நாளை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். படலம் மங்கி, ஆனால் மரம் இன்னும் வெளிப்படாத நிலையில், மேற்பரப்பை மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கி ஒரு கை அடித்தால் போதும். ஒரு நாள் வேலை. மரம் சாம்பல் நிறமாகத் தெரிய ஆரம்பித்தபின் கூப்பிட்டால் இழைப்பதைத் தவிர வழியில்லை. பாதி வீடுகள் என்னை ஒரு வருடம் தாமதமாகக் கூப்பிடுகின்றன.

முழு மரப்பலகையின் பக்கங்களில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நாக்கும் காடியும் இருக்கும். அந்த நாக்குக்கு மேல் இருக்கும் மரம்தான் உங்கள் சேமிப்பு. ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு இழைப்பு அதில் ஒரு மில்லிமீட்டர்வரை எடுத்துவிடும். எஞ்சினியர்டு பலகையில் ஏடு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் எந்திரத்தைக் கிட்டேயே விடாதீர்கள். கீழே இருக்கும் ப்ளைவுட் தலைகாட்டினால் அதற்கு வைத்தியமே கிடையாது.

வாடகைக்கு எந்திரம் எடுத்து நானே இழைக்கலாமா?

பொறுமை இருந்தால் செய்யலாம். உருளை எந்திரம் ஓடும்போது ஒரு விநாடி நின்றாலும் தரையில் அலை விழும். நகர்ந்துகொண்டே இறக்குங்கள், நகர்ந்துகொண்டே தூக்குங்கள். 40 எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 60, 80, 100 என்று ஏறுங்கள். ஒன்றைத் தாண்டினால் முந்தியதன் கோடுகள் பூச்சடித்த பிறகுதான் தெரியும். பழைய வீட்டின் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று தோன்றினால் சோதிக்காமல் தொடாதீர்கள்.

எண்ணெய்ப் பூச்சு அடிப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது ஆக்ஸிஜனோடு சேர்ந்து சூட்டை வெளிவிடும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்ததும், மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததும் 22-ஆவது மாடியில் விட்டுப்போன இத்தகைய துணிகளால்தான். துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள். இழைத்த தூள் நிறைந்த பையையும் இரவில் வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

பூச்சடித்து எத்தனை நாளில் சாமான்களை ஏற்றலாம்?

நீர் கலந்த பாலியூரித்தேனில் ஒரு நாள் கழித்துக் காலுறையோடு நடக்கலாம். சாமான்களுக்கு மூன்று நாளாவது கொடுங்கள். இழுக்காமல் தூக்கி வையுங்கள். கம்பளத்துக்கு இரண்டு வாரம், எண்ணெய் கலந்தது என்றால் ஒரு மாதம். தொட்டால் ஒட்டவில்லை என்பதும் முழுதாக இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. டப்பாவில் இதைவிட அதிக நாள் போட்டிருந்தால் டப்பாவைக் கேளுங்கள்.

கூடத்தின் நடுவில் ஒரே ஒரு பலகை கெட்டுப்போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் நிறம் ஒத்துப்போகுமா?

மாற்றலாம். நாக்கும் காடியுமாகப் பூட்டியிருப்பதால் பலகையை நீளவாக்கில் நடுவில் அறுத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். புதிய பலகையின் காடிக்குக் கீழ் உதட்டைச் சீவிவிட்டால் மேலிருந்து இறக்கி உட்கார வைத்துவிடலாம். தச்சருக்கு ஒரு மணி நேர வேலை.

நிறம்தான் சிக்கல். அதே மரம், அதே பூச்சு என்றாலும், பத்து வருடம் வெளிச்சம் பட்ட பலகைகளுக்கு நடுவே புதியது தனியாகத் தெரியும். சாயம் பூசி ஒப்பேற்றலாம்; ஆனால் சுற்றிலும் உள்ளவை மேலும் மாறும்போது சாயம் அதே வழியில் மாறாது. நான் செய்வது இது: சுவர் அலமாரிக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ இருக்கும் பலகை ஒன்றை உடையாமல் கழற்றி எடுத்துக் கூடத்தில் போடுவேன். புதிய பலகை அலமாரிக்குள் போகும். இருட்டில் இருந்து வந்ததால் முதலில் கொஞ்சம் வேறாகத்தான் தெரியும். வயது ஒன்று, பூச்சு ஒன்று என்பதால் சில மாதங்களில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். அலமாரிக்குள் இருப்பதைத் துணிமணிகளைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை.